வேலையை நிறுத்திய பிறகும் ‘வந்த காசு’ கேட்டால்: பேரமா, கோர்ட்டா, திரிபுனலா?

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ஏர்கோன் பழுதானால், பழுது பார்க்கும் ஆள் பல சமயம் ஈப்போவிலிருந்துதான் வர வேண்டும். வேலை வேண்டாம் என்று சொன்ன பிறகும் வந்து போனதற்கு 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்டால் என்ன செய்வது? முதலில் பார்க்க வேண்டியது, காசு இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை. இன்னும் உங்கள் கையில் இருந்தால், வழக்குப் போட வேண்டியது அவர். முன்பணமாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அலைய வேண்டியது நீங்கள்.

அடுத்தது, அந்தத் தொகையை எப்போது சொன்னார்? ஆளை அழைக்கும்போதே ‘வந்து பார்க்க 80’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லி, நீங்களும் ‘சரி’ போட்டு, அவர் வந்து மூடியைக் கழற்றிக் கோளாறைச் சொல்லிவிட்டால், அது பேசிய விலை. கொடுத்துத்தான் ஆக வேண்டும். பின்னால் பில்லில் மட்டும் எழுதியிருந்தால் அது ஒப்பந்தம் ஆகாது. விலை பேசாத சேவைக்கு நியாயமான விலைக்கு மேல் பயனீட்டாளர் தர வேண்டியதில்லை என்கிறது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. ‘கேன்சல் பண்ணினால் இவ்வளவு’ என்று முன்பே பேசியிருந்தாலும், 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவே கேட்கலாம்.

நியாயம் என்றால் எவ்வளவு? ஈப்போவிலிருந்து போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வேன் லிட்டருக்கு 10 ஓடும், பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் 12 வெள்ளி. பழைய ரோட்டில் டோல் கிடையாது. அதோடு அவர் இழந்த நேரமும் உண்டு, அதை மறுப்பது முறையல்ல. கிளம்பும் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தால் பெட்ரோல் கணக்கே எழாது. பாதி வழியில் சொன்னால் 20, 30 கொடுத்து முடிப்பது தகும். வாசலுக்கே வந்துவிட்டார் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். ‘சாமான் வாங்கிட்டேன்’ என்றால் கடை ரசீதைக் கேளுங்கள். சாதாரண கெப்பாசிட்டர் என்றால் அடுத்த வீட்டு வேலைக்கு ஆகும், அதன் முழு விலையை உங்கள் தலையில் கட்ட முடியாது. உங்கள் மாடலுக்கென்றே ஆர்டர் செய்த போர்டு என்றால் கதை வேறு. விலையைக் கொடுங்கள், போர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு உங்கள் கையில் இருக்கும்போது பேரம்தான் மலிவு. போனில் கத்துவதைவிட எழுத்தில் பேசுவது நல்லது. ஆள் பாதி வழியில், சிம்மோரில், இருந்தபோது நிறுத்தச் சொன்னீர்கள் என்றால் இப்படி:

“அண்ணே, வர வேணாம்னு 9.40-க்கு மெசேஜ் போட்டேன். அப்ப சிம்மோர்ல இருக்கேன்னு சொன்னீங்க. 80 வெள்ளினு முன்னாடி சொல்லலியே. பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் 30 வெள்ளி போட்டு விடுறேன். இதோட கணக்கு முடிஞ்சதுன்னு ஒரு பதில் போடுங்க.”

அந்த ‘முடிஞ்சது’ பதில் வராமல் காசை அனுப்பாதீர்கள். பாதிக் காசு வாங்கிக்கொண்டு மீதியையும் கேட்பது இங்கேதான் தொடங்கும். வாட்ஸ்அப்பில் மறையும் செய்தி வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.

பேரம் படியாமல் நீங்கள் கொடுக்க மறுத்தால், அவருக்கு உள்ள வழி மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு கோரிக்கை முறை. 5,000 வெள்ளி வரைக்கும் படிவம் 198இல், வக்கீல் இல்லாமல் போடலாம். 80 வெள்ளிக்காக யாரும் அவ்வளவு தூரம் போவது அரிது. ஆனால் சம்மன் வந்தால் அலட்சியம் வேண்டாம். 14 நாளுக்குள் பதில் தராவிட்டால் தீர்ப்பு அவர் பக்கம் போய்விடக்கூடும்.

முன்பணம் 300, 400 மாட்டிக்கொண்டால்தான் பயனீட்டாளர் திரிபுனல், அதாவது பயனீட்டாளர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம், கைகொடுக்கும். படிவம் 1, கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும், விவகாரம் எழுந்த 3 ஆண்டுக்குள் கோரலாம். வக்கீல் கிடையாது. கட்டணம் மலிவுதான், ஆனால் நாள் மலிவல்ல. பேராக் மாநிலத்துக்கு விசாரணை ஈப்போவில். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் 65. ஒரு நாள் லீவு போட்டால் 60 வெள்ளி வழக்கு அங்கேயே தோற்றுவிடும். 150க்குக் கீழே என்றால் பேரத்தோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

திரிபுனலில் பலர் சறுக்குவது முகவரியில். ‘ஏர்கோன் மணி’ என்று போனில் சேமித்த பெயரை வைத்து மனுவை அவரிடம் முறைப்படி சேர்ப்பிக்க முடியாது. பதிவான கடை என்றால், வணிகங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தேடினால் உரிமையாளர் பெயரும் முகவரியும் கிடைக்கும். பதிவே இல்லாத ஆள் என்றால், பேங்க் டிரான்ஸ்பர் ரசீதில் உள்ள பெயரிலிருந்து தொடங்குங்கள். பதிந்த படிவத்தின் நகலை நேரிலோ பதிவு அஞ்சலிலோ அவரிடம் சேர்ப்பது உங்கள் பொறுப்பு, அந்த அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ் வாய்ஸ் மெசேஜை அப்படியே நம்பிப் போகாமல், தேதி நேரத்தோடு மலாயில் எழுதிக் கொண்டுபோங்கள். அவரும் படிவம் 2இல் எதிர்க்கோரிக்கை வைக்கலாம், ஆகவே நீங்கள் தர வேண்டிய பெட்ரோல் காசை நீங்களே கழித்துவிட்டு மீதியைக் கேட்பது புத்திசாலித்தனம். விசாரணை நாளில் நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அவர் கட்டாவிட்டால் அது குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

உள்நாட்டு வாணிப அமைச்சில் வெறும் புகார் கொடுப்பதும் ஒரு வழிதான். அதனால் அவருக்கு நெருக்கடி வரலாம். பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு வேண்டுமானால் திரிபுனலுக்குத்தான் போக வேண்டும்.