டிராக்கன்ஸ்பர்க் ட்ரெக்கிங் ‘பேக்கேஜ்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

டர்பன், ஜோகன்னஸ்பர்க் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் நீங்களே தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரில் ஏறலாம். ஜிபிஎஸ் ரூட் ஃபைல், நாள்வாரித் திட்டம், பெர்மிட், டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,850 ராண்ட், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 1,500 ராண்ட் என்று போட்டிருக்கும். நானும் என் மச்சானும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து 13,400 ராண்ட் கட்டினோம். விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் கொடுத்த சரக்கு என்னவென்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதே சரக்கு வேறு பெயரிலும் வரலாம்.

நாங்கள் கேட்டது ம்ன்வேனி சுற்று. ராயல் நேட்டல் பூங்காவுக்கும் கதீட்ரல் பீக் சிகரத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு அது. பெர்க்வில் ஊரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ம்ன்வேனி கணவாய் வழியாக ஏறி, மேலே செங்குத்துப் பாறை விளிம்பை ஒட்டி நடந்து, ராக்கரீஸ் கணவாய் வழியாக இறங்குவது வழக்கம். மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் மூன்று நாள் எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் பெர்மிட். எசெம்வேலோ என்ற மாகாண வனவிலங்குத் துறையின் முத்திரை மாதிரி ஏதோ ஒன்று போட்ட பிடிஎஃப் வந்தது. ம்ன்வேனி அந்தத் துறையின் பூங்காவுக்குள்ளேயே வராது. அது அமாங்வானே மக்களின் பொது நிலம். அங்கே போகிற எல்லாரும் ம்ன்வேனி பண்பாட்டு மையத்தில் பணம் கட்டி, மலைப் பதிவேட்டில் பெயர், போகிற வழி, திரும்புகிற நாள் எல்லாம் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும். மையத்தில் மேசையில் இருந்த அம்மா எங்கள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்று சிரித்தார். இதே காகிதத்தோடு வேறு ஆட்களும் வந்திருக்கிறார்களாம். மறுபடி பணம் கட்டினோம். தொகை பெரிதில்லை. ஆனால் பெர்மிட் யார் கொடுப்பது என்பதே தெரியாத ஆள்தான் இந்தப் பாதையை விற்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது ரூட் ஃபைல். ஏமாற்று வேலையின் மையமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒருவர் ஜிபிஎஸ் கருவியோடு நிஜமாகவே நடந்து பதிவு செய்த ஃபைலில், 40 கிலோமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் புள்ளிகள் இருக்கும். கோடு நெளிந்து வளைந்து, ஓடையைத் தாண்டும் இடத்தில் கொஞ்சம் தடுமாறி, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். எங்களுக்கு வந்ததில் அறுபது சொச்சம் புள்ளிகள்தான். அதாவது அறுநூறு எழுநூறு மீட்டருக்கு ஒரு புள்ளி, நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுட்டியால் தட்டித் தட்டி வரைந்தது. ஃபைலை எந்த மேப் ஆப்பில் திறந்து பெரிதாக்கினாலும் இது தெரிந்துவிடும்.

என் நண்பர் ஒருவர் அரசு வெளியிடும் 1:50,000 அளவு வரைபடத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம். விற்றவரின் கோட்டை அதன் மேல் வைத்துப் பார்த்தால், கணவாய்க்குக் கீழே ஓர் இடத்தில் சமஉயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகத் தெரிகிற பகுதிக்குள் நேராகப் போகிறது. கோடுகள் அப்படி நெருங்கினால் அது பாறைச் சுவர். மையத்தில் இருந்த உள்ளூர் வழிகாட்டிப் பையனிடம் காட்டினோம். ‘இதில் பபூன் குரங்குதான் ஏறும்’ என்றான்.

நாள்வாரித் திட்டத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. முதல் நாளே மையத்திலிருந்து கணவாய் உச்சி வரை, 18 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தது. மலை நடைக்கு 1892-இல் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றைக்கும் எல்லாரும் பயன்படுத்துவது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். 18 கிலோமீட்டர், சுமார் 1,500 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதுவும் நல்ல உடல்வாகு, லேசான பை, ஓய்வே இல்லாத நடைக்கு. முதுகில் பதினைந்து கிலோ சுமந்துகொண்டு, பாறாங்கற்களில் தாவிப் போகிற இடத்தில் அதைப்போல ஒன்றரை மடங்கு ஆகும். இங்கே ஜூலை குளிர்காலம், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மலை ஓட்டக்காரர் யாரோ போட்ட நேரத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூடுபனி வந்தால் இந்தத் திசையில் நடங்கள் என்று காம்பஸ் கோணங்களும் கொடுத்திருந்தார். கம்ப்யூட்டர் வரைபடத்தில் உண்மையான வடக்கை வைத்து அளந்த கோணங்களை அப்படியே காம்பஸில் வைக்கச் சொல்லியிருந்தார். இந்தப் பக்கத்தில் காம்பஸ் முள் உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 டிகிரி மேற்கே தள்ளிக் காட்டும். அதைச் சரிசெய்யாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 400 மீட்டருக்கு மேல் விலகிப் போயிருப்போம். விளிம்பில் அந்த 400 மீட்டர் எங்கே கொண்டுபோய் விடும் என்று ம்ன்வேனி படங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மையத்தில் பார்த்த அந்த வழிகாட்டிப் பையனையே கூலி பேசிக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். கணவாய் அடிவாரம் வரை நல்ல நடை, நல்ல வெயில். ஆற்றோரமாக ஆடுமாடுகள், குடிசைகள், சிரித்துக்கொண்டே பின்னால் வந்த குழந்தைகள். அந்தப் பகல் மட்டும் மிச்சம். ராத்திரிதான் சாமான்களின் லட்சணம் தெரிந்தது.

ஸ்லீப்பிங் பேக்குக்கு விளம்பரத்தில் ‘மைனஸ் 18’ என்று இருந்தது. உள்ளே தைத்த லேபிளில் மூன்று எண்கள்: கம்ஃபர்ட் 3, லிமிட் மைனஸ் 2, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 18. கடைசி எண் நிம்மதியாகத் தூங்குவதற்கானது இல்லை. குளிரில் உடல் விறைத்துப் போகும் ஆபத்தோடு சில மணி நேரம் உயிர் தாங்கும் என்பதற்கான எண் அது. வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். குளிர்காலத்தில் மேலே பத்து டிகிரி மைனஸ் போவதெல்லாம் சாதாரணம்.

அப்புறம் அடுப்பு. வீட்டு மேசை மேல் வைத்துச் சமைக்கிற நீள கேஸ் டப்பாவைக் கொடுத்திருந்தார். அதில் இருப்பது பெரும்பாலும் வெறும் பியூட்டேன். கடல் மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது. உயரத்தில் அந்த வரம்பு சில டிகிரி இறங்கும்தான், ஆனால் எரிய எரிய டப்பாவே குளிர்ந்துகொண்டு போகிறது. மலைக்கு எடுத்துப் போகிற திருகு மூடி டப்பாக்களில் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். எங்கள் அடுப்பில் நீலச் சுடர் கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு அணைந்துபோனது. மச்சான் டப்பாவைச் சட்டைக்குள் அணைத்து வைத்துச் சூடேற்றி, நாலு பேருக்கும் பாதி வெந்த நூடுல்ஸ் செய்தார். விடிந்ததும் இறங்கிவிட்டோம். மேலே போகலாமா என்ற பேச்சே எடுக்காதீர்கள் என்று வழிகாட்டிப் பையன் எங்கள் ஸ்லீப்பிங் பேக்குகளைப் பார்த்துச் சொன்னதும் சரிதான்.

திரும்பி வந்து டெபாசிட் கேட்டபோது, ‘அண்ணா, டென்ட்ல ஓட்டை விழுந்திருக்கு, அதுக்கே சரியாப் போச்சு’ என்றார். என் மச்சான் கொஞ்சம் வில்லங்கமான மனுஷர். சாமான் வாங்கிய அன்றே வாசலில் ஒவ்வொன்றையும் விரித்து வீடியோ எடுத்து வைத்திருந்தார். அதே ஓட்டை, அதே வெள்ளி நிற டேப் ஒட்டோடு, வீடியோவில் இருக்கிறது. அனுப்பினோம். குரூப்பிலிருந்து எங்களை நீக்கிவிட்டார்.

பணம் உடனடிப் பரிமாற்றத்தில் போனதால் வங்கியால் திரும்ப இழுக்க முடியவில்லை. அதனால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகிறோம். 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். முதலில் எழுத்து மூலம் பணத்தைக் கேட்டு 14 நாள் கெடு கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. கெடு முடிந்ததும் கோர்ட் கிளார்க்கிடம் சம்மன் எடுப்போம்.

இதே மாதிரி பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீது, பிடிஎஃப், ரூட் ஃபைல் எதையும் அழிக்காமல் வைத்து எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். கட்டிவிட்டு இன்னும் கிளம்பாதவர்கள், புறப்படும் முன் அந்த ஃபைலை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே நேர்கோடு தெரிந்தால் அதை நம்பி ஏறாதீர்கள். ம்ன்வேனி மையத்திலேயே உள்ளூர் வழிகாட்டி கிடைப்பார், எங்களுக்கு ஆன கூலி இந்த ஆளுக்குக் கட்டியதில் கால்வாசி கூட இல்லை. மேலே போனால் லெசோத்தோ எல்லை, பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.