பட்டன் போனா, டச் போனா? பழனி மலை விவசாயிக்கு எது கைகொடுக்கும்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் ஒரு வீட்டில் போன் பழுதானால் உடனே இந்தப் பேச்சுதான் வரும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் ஒரு பட்டன் போன் போதுமா, இல்லை அறுவடைப் பணத்தில் ஒரு டச் போன் எடுத்துவிடலாமா? இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம். சிறு விவசாயிக்கு அது சில மூட்டை உரத்தின் விலை. அதனால் எதில் அந்தப் பணம் திரும்பி வரும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நான் பார்த்த வரையில் போனின் ரகத்தைவிட, என்ன விளைவிக்கிறோம், யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம் என்பவைதான் இந்தக் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

போன் வந்தால் வருமானம் கூடும் என்பதற்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டப்படும் சான்று பக்கத்துக் கேரளக் கரையில்தான் கிடைத்தது. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடலோரத்தில் செல்போன் சேவை பகுதி பகுதியாக வந்தது. அதற்கு முன்னும் பின்னும் மத்தி மீன் விலை எப்படி இருந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். மீனவர்களின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவர்களுக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது, விற்காமல் கடலில் கொட்டுகிற மீன் ஏறக்குறைய இல்லாமலே போனது. அன்று அவர்கள் கையில் இருந்தது வெறும் பேசுகிற போன். கரைக்குத் திரும்பும்போதே நாலு துறையில் விலை கேட்டு, நல்ல விலை உள்ள துறைக்குப் படகைத் திருப்பினார்கள்.

இதே நாட்டில் இன்னொரு ஆய்வு நேர்மாறான முடிவைச் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் வெங்காயம், தக்காளி, மாதுளை, கோதுமை, சோயா பயிரிடுபவர்களை வைத்து, சந்தை விலையையும் வானிலையையும் குறுஞ்செய்தியில் அனுப்பும் சேவையால் என்ன பலன் என்று மார்செல் ஃபாஃப்ஷாம்ப்ஸும் பார்ட் மின்டனும் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவு: விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

ஒன்றில் பலன், இன்னொன்றில் இல்லை என்றால் ஏன்? மேல்மலையில் விளைகிற இரண்டு பொருள்களை வைத்துப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

முதலில் கேரட். பிடுங்கி, கழுவி, மூட்டை பிடித்த பிறகு அது காத்திருக்காது. வண்டி பெரும்பாலும் அடுத்தவருடையது. நாலைந்து பேர் மூட்டை சேர்ந்து ஏறிய பின் அது ஒட்டன்சத்திரம் போகிறதா, மதுரை போகிறதா என்பது நம் கையில் இல்லை. பாதி மலை இறங்கிய பிறகு வேறு ஊரில் கிலோவுக்கு மூன்று ரூபாய் கூட என்று தெரிந்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். மீன்காரருக்குப் படகு சொந்தம், திருப்பிக்கொண்டார். கேரட்காரரால் லாரியைத் திருப்ப முடியாது.

பூண்டு அப்படியில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் பதமாகக் காயவைத்து, கட்டுக்கட்டாகப் புகை படும்படி தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். விலை இறங்கினால் பொறுக்கலாம், ஏறினால் இறக்கலாம். எனவே பூண்டுக்காரருக்கு ஒரு போன் அழைப்பின் மதிப்பு கேரட்காரரைவிடப் பல மடங்கு. பெரியகுளம் பக்கத்தில் வடுகபட்டி பூண்டுச் சந்தை நிலவரம் தெரியாமல் மூட்டையை ஏற்றி, போன பிறகு விலை கட்டவில்லை என்று திருப்பிக்கொண்டு வந்தால் இரண்டு பக்க வாடகையும் தண்டம். ஒரு அழைப்பு அந்த வாடகையை மிச்சப்படுத்தும்.

இந்த இடத்தில் பட்டன் போன் டச் போனை ஜெயிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சந்தை விலை காட்டும் ஆப்பில் வருவது குறைந்த விலை, கூடின விலை, சராசரி. பூண்டில் பருமன், காய்ந்த பதம், ரகம் மாறினால் விலையும் மாறும். "அண்ணே, இன்னைக்குப் பெரிய பல்லு என்ன போகுது? நம்ம சரக்கு போன தடவை மாதிரிதான் இருக்கு, ஏத்தட்டுமா, ரெண்டு நாள் பொறுக்கட்டுமா?" என்ற கேள்விக்குப் பட்டியல் பதில் சொல்லாது. சந்தையில் நிற்கிற ஒரு மனிதர்தான் சொல்வார். அதிலும் வாங்குகிறவரை மட்டும் கேட்காமல், விற்க வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையும் கேட்பது நல்லது. நைஜர் நாட்டின் தானியச் சந்தைகளில் செல்போன் வந்தபின், ஊருக்கு ஊர் இருந்த விலை வித்தியாசம் 10 முதல் 16 சதவீதம் குறைந்தது என்று ஜென்னி ஏக்கர் 2010இல் காட்டினார். தூரமான, சாலை மோசமான சந்தைகளுக்கு இடையில்தான் அந்தப் பலன் அதிகம். மலை ஊர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஆனால் முன்பணம் என்று ஒன்று இருக்கிறதே. விதைப்பூண்டுக்கும் உரத்துக்கும் கமிஷன் மண்டியில் பணம் வாங்கியிருந்தால் சரக்கு அந்த மண்டிக்குத்தான் போக வேண்டும். எந்தப் போனில் எத்தனை சந்தை விலை தெரிந்தாலும் போகிற இடம் மாறாது. பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும், அவ்வளவுதான். இப்படிக் கட்டுப்பட்டிருப்பவர் விலை பார்ப்பதற்காக டச் போன் வாங்குவதைவிட, அந்தக் காசில் கடனின் ஒரு பகுதியை அடைப்பது மேல். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைத்து மண்டிக் கடன் தீர்ந்துவிட்டால், அதே பழைய போனுக்குப் புது மதிப்பு வந்துவிடும்.

டச் போன் பக்கம் நியாயம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. கீழ்மலைக்கு வாருங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கம் காபியும் மிளகும்தான் பிரதானம். அரபிகா ரகக் காபி விலை நியூயார்க் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு ஓடுகிறது, அதை உள்ளூர் வியாபாரி தினமும் பார்க்கிறார். காபி வாரியமும் அன்றாடம் விலை வெளியிடுகிறது. கொட்டையைக் காயவைத்து இருப்பு வைத்திருக்கும் விவசாயி அதைப் பார்க்காமல் விற்றால், பார்த்தவரிடம் பாராதவர் பேரம் பேசுவதாக ஆகிவிடும். இங்கே டச் போன் போட்ட காசை எடுத்துத் தரும்.

நோய் பார்க்கவும் அதுதான் வசதி. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே இலவசமாகக் கேட்கலாம், பட்டன் போனே போதும். ஆனால் இலையில் இருக்கும் புள்ளியை வாயால் விவரிப்பது லேசில்லை. ஒரு போட்டோ எடுத்துத் தோட்டக்கலை அலுவலருக்கோ தெரிந்த விவசாயிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது. எழுதப் படிக்கத் தடுமாறுபவர்கள்கூட வாய்ஸ் மெசேஜில் சரளமாகப் பேசுகிறார்கள். தமிழக அரசு 2018இல் கொண்டுவந்த உழவன் செயலியில் மானிய விவரம், வானிலை, வாடகை இயந்திரம் எல்லாம் உண்டு. மானியத்துக்காக மலை இறங்கி ஒரு நாள் கூலியை இழப்பவருக்கு இது பெரிய விஷயம்.

பணப் பரிமாற்றத்தில் போட்டி கடுமை. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா பட்டன் போனிலேயே பணம் அனுப்ப வைத்தது. அதனால் ஒரு லட்சத்து 94 ஆயிரம் குடும்பங்கள், அதாவது அந்நாட்டுக் குடும்பங்களில் சுமார் 2 சதவீதம், வறுமையிலிருந்து மேலே வந்தன என்று தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016இல் கணக்கிட்டார்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்குத்தான் பலன் அதிகம். அங்கே மூலைக்கு மூலை ஏஜென்ட் கடை இருந்தது, போனில் வந்ததை உடனே காசாக்க முடிந்தது. நம் நாட்டில் 2016இல் வந்த யுபிஐ டச் போனை நம்பியே வளர்ந்தது. பட்டன் போனுக்கான யுபிஐ சேவையான 123பே 2022 மார்ச்சில்தான் வந்தது. அதில் ஒரு தடவை அனுப்பும் பணத்தின் வரம்பை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்குவதாக ரிசர்வ் வங்கி 2024இல் அறிவித்தது. களையெடுத்தவர்களுக்குக் கூலி போட அது தாராளம், பெரிய தொகை அனுப்பப் பற்றாது.

நடுவில் ஒரு ரகமும் இருக்கிறது. 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் மாதிரியான 4ஜி பட்டன் போனில் யுபிஐ போகும். ஆனால் அந்த நிறுவனத்துக்கு 2ஜி கிடையாது, 4ஜி டவர் எட்டாத தோட்டத்தில் அந்தப் போனில் பேசக்கூட முடியாது. மேல்மலையில் வாங்குபவர்கள் கடையில் சோதிக்காமல், யாரிடமாவது இரவல் வாங்கித் தங்கள் வீட்டிலும் காட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் டச் போன் மறுநாளே அணைந்துவிடும், பட்டன் போன் சில நாள் தாங்கும் என்பதும் கணக்கில் வரட்டும். ரீசார்ஜ் செலவும் பார்க்க வேண்டும். டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள், கேளுங்கள்.

கேரட், உருளை மட்டும் போடுபவர், மண்டியில் முன்பணம் வாங்கியவர் என்றால் பட்டன் போனோடு நிற்கலாம். பூண்டுக்காரருக்கும் சந்தையில் நம்பகமான ஆள் இருந்தால் அதுவே போதும். காபி, மிளகு என்றால் யோசிக்காமல் டச் போன். வீட்டில் இரண்டு போனுக்கு வழியிருந்தால், சந்தைக்குப் போகிறவர் பட்டன் போனை எடுத்துப் போகட்டும், டச் போன் வீட்டுப் பெண்ணிடம் இருக்கட்டும். பெரும்பாலும் பூண்டு பக்குவம் பார்ப்பதும் கூலி ஆளுக்குச் சொல்லி அனுப்புவதும் அவர்தான். வங்கிக் கணக்கும் யுபிஐயும் அவர் பெயரில் இருந்தால் மூட்டைப் பணம் வந்த குறுஞ்செய்தியும் முதலில் அவருக்கே வரும்.