தேயிலை ஆபீஸ் நாஸ் பெட்டிக்கு எது: பாரகுடாவா, அயர்ன்வுல்ஃபா?

நாஸ் பெட்டி என்றால் ஆபீஸ் கணினிகள் எல்லாம் நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க் பெட்டி. பாரகுடா, அயர்ன்வுல்ஃப் இரண்டும் சீகேட் ஹார்ட் டிஸ்க்குகள்: முன்னது டெஸ்க்டாப்புக்கு, பின்னது நாஸுக்கு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பலர் கேட்பது: "இவ்வளவு உயரத்தில் டிஸ்க் ஓடுமா?" ஓடும். பொதுவாக இவற்றின் எல்லை 3,048 மீட்டர், ஊட்டியே 2,240தான்.

உண்மையான வித்தியாசம் எழுதும் முறையில். 4 டிபி பாரகுடா எஸ்எம்ஆர் வகை: டேட்டா எழுதும் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்த, பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். டேலி பேக்கப்புக்குப் போதும். ஆனால் ரெய்டில் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) ஒரு டிஸ்க் போய்ப் புதியதை மாட்டினால் ரீபில்ட், அதாவது டேட்டாவை அதில் மறுபடி நிரப்புவது, நாள்கணக்கில் இழுக்கும். அதற்குள் இன்னொன்றும் போனால், ஒரு டிஸ்க் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 என்றால் கதை முடிந்தது.

அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர்; தடங்கள் தனித்தனி. கெட்ட செக்டாரில் (டிஸ்க்கில் படிக்க முடியாத சிறு பகுதி) மல்லுக்கட்டாமல் சில நொடியில் பிழை என்று சொல்லிவிடும். டெஸ்க்டாப் டிஸ்க்கோ விடாமல் முயலும். பெட்டி அதைச் செத்ததாக நினைத்துக் கழற்றிவிடும். அயர்ன்வுல்ஃப் ஆண்டுக்கு 180 டிபி எழுதிப் படிக்கும் வேலைக்கு ஏற்றது, பாரகுடாவுக்கு 55தான். சிசிடிவியும் அதே பெட்டியில் என்றால் யோசிக்கவே வேண்டாம், அயர்ன்வுல்ஃப்தான்.

எதை வாங்கினாலும் யுபிஎஸ் கட்டாயம். மழைக்காலத்தில் சனி, ஞாயிறு என்று பெட்டியை அணைக்காதீர்கள். சூடாக ஓடும் டிஸ்க்கில் ஈரம் படியாது.