275/40 என்ற நம்பரை மட்டும் பார்த்து டிராக் டயர் வாங்காதீர்கள்

டாலஸ் பக்கம் மஸ்டாங், கேமரோ என்று வண்டி வாங்கிவிட்டு, ஒரு தடவையாவது டிராக் ஸ்ட்ரிப்பில் (கால் மைல் நேர்கோட்டு ரேஸ் தடம்) ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அலைகிற நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. 2023 ஏப்ரலில் ஒரு டயர் கடையில் 1,480 டாலரைக் கொடுத்துவிட்டு, என் வண்டிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஜோடி டயரோடு வீட்டுக்கு வந்தேன். கடைப் பெயர் வேண்டாம். அந்த வித்தை தெரிந்த கடை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு மற்ற கடைகளில் நீங்கள் அசந்துவிடக் கூடாது.

என் வண்டி 2016 மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர் வி8, 435 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பெர்ஃபார்மன்ஸ் பேக். கம்பெனியிலிருந்து வரும்போது முன்னால் 255/40R19, பின்னால் 275/40R19. அந்த டயரிலேயே என்னிஸில் இருக்கிற டெக்சஸ் மோட்டார்பிளெக்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் இரண்டு தடவை ஓட்டியிருக்கிறேன். கால் மைலுக்கு 12.98 நொடி, கோட்டைத் தாண்டும்போது 110 மைல் வேகம். முதல் 60 அடிக்கு மட்டும் 2.14 நொடி. இந்த 60 அடிக் கணக்குதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கிளட்சை விட்டதும் பின் டயர் சுற்றுகிறது, புகை வருகிறது, வண்டி நகர யோசிக்கிறது. தெரு டயரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, டிராக் ரேடியல், அதாவது ரோட்டிலும் ஓட்டக்கூடிய டிராக் ரேஸ் டயர், போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அது உண்மைதான். ரப்பர் மிருதுவானது, காற்றைக் குறைத்துப் போட்டால் கிளம்பும்போது டயர் சுருங்கி நசுங்கித் தரையைப் பிடிக்கும்.

கடையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் பேச்சில் தேன் வடிந்தது. நானே வண்டி ஓட்டுவேன், நானே ரேஸ் போவேன் என்று போனில் நாலு படம் காட்டினார். அப்புறம் வெளியே வந்து, என் பின் டயரைக் குனிந்து பார்த்து, சத்தமாக வாசித்தார்: 275, 40, 19. உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். உங்கள் அதிர்ஷ்டம், இதே 275/40-ல் டிராக் ரேடியல் ஒரு ஜோடி ஸ்டாக்கில் இருக்கிறது, ரிம் மட்டும் 19-க்குப் பதில் 17, ரிம் சின்னதானால் ரப்பர் அதிகம், டிராக்குக்கு அதுதான் நல்லது என்றார்.

நானும் தலையாட்டினேன். ரிம் சின்னதானால் ரப்பர் அதிகம் என்பது கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

அங்கேதான் கோட்டைவிட்டேன். 275 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 40 சதவீதம். ஆக 110 மில்லிமீட்டர். ரிம் 19 இஞ்ச் ஆனாலும் 17 இஞ்ச் ஆனாலும் இந்த 110 மாறாது. ரப்பர் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. குறைந்தது டயரின் மொத்த உயரம்தான். பழைய டயர் 27.7 இஞ்ச். அவர் தலையில் கட்டியது 25.7 இஞ்ச். முழுசாக இரண்டு இஞ்ச் குட்டை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. தினமும் ஆபீஸில் எக்செல் ஷீட்டோடு குடும்பம் நடத்துகிற எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

இரண்டு டயர், 17 இஞ்ச் விட்டம், 9 இஞ்ச் அகலத்தில் இரண்டு ரிம், மாட்டுக்கூலி, பேலன்சிங், நைட்ரஜன் என்று பில் நீண்டது. பில்லில் சைஸை முழுசாக எழுதவில்லை. 'டிராக் ரேடியல் 275, 17 இஞ்ச்' என்று மட்டும் இருந்தது. கீழே பொடி எழுத்தில், போட்டிக்கான டயர் என்பதால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைப் படித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சந்தேகம் வந்தது. ஹைவேயில் ஸ்பீடோமீட்டர் 70 காட்டுகிறது, போனில் மேப் 65 என்கிறது. கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வேறு. முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றினால் கம்ப்யூட்டர் பாவம் என்ன செய்யும்? பின்னால் ஏதோ வழுக்குகிறது என்று அது நினைத்துக்கொண்டது. கடைக்குப் போன் செய்தேன். டிராக் டயர் போட்டால் அப்படித்தான் இருக்கும், கொண்டு வாருங்கள், 120 டாலருக்கு காலிபரேட் செய்து தருகிறேன் என்றார்கள். வீட்டில் நிறுத்தியதும் மனைவி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, பின்னாடி பஞ்சரா?" என்று கேட்டாள். ஒரு இஞ்ச் கீழே உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரம் என்னிஸ். டயரைச் சுற்றவிட்டுச் சூடாக்குகிற பர்ன்அவுட் இடத்தில் தண்ணீரைத் தாண்டி நிறுத்தி லைன் லாக் போட்டேன். இந்த மாடல் ஜிடியில் அது கம்பெனியே கொடுப்பது. முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும். நல்ல டிராக் ரேடியல் இரண்டு மூன்று நொடியில் சூடாகிப் பிசுபிசுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இறங்கித் தொட்டுப் பார்த்தவர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார்.

பச்சை விளக்கு விழுந்து கிளட்சை விட்டதும் பின்பக்கம் தடதடவென்று குதித்தது. இந்த மஸ்டாங்கில் பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன். டயர் பிடித்து விட்டு, பிடித்து விட்டு விளையாடினால் இப்படிக் குதிக்கும், ஆக்சில் ஷாஃப்ட்டே முறிந்துபோகலாம். காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன். நான்காவது கியரில் கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், என்ஜின் 7,000 சுற்றைத் தொட்டு வெட்டு வெட்டென்று வெட்டியது. பழைய டயரில் நாலாவது கியர் 117 மைல் வரை இழுக்கும். 110-ல் கோட்டைத் தாண்டுகிற எனக்கு அது தாராளம். இரண்டு இஞ்ச் குட்டையான டயரில் அதே கியர் 108, 109-லேயே தீர்ந்துவிடும். கோட்டுக்கு முன்னால் ஐந்தாவதற்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் என்ஜின் சுற்றைத் தடுக்கிற லிமிட்டரில் முட்டிக்கொண்டே போக வேண்டும். நான் முட்டினேன். 3.73 ஆக்சில் கியரை (பின் ஆக்சிலின் பல்சக்கர விகிதம்) கழற்றிவிட்டு 4.02 போட்ட மாதிரி ஆகிவிட்டது. கேட்காமலே, 1,480 டாலருக்கு.

நேரம் அச்சடித்துத் தரும் டைம் ஸ்லிப்பில் 60 அடி 2.31. மொத்தம் 13.4. தெரு டயரைவிட மோசம்.

வண்டிகள் முறைக்குக் காத்து நிற்கிற ஸ்டேஜிங் லேனில் எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், 2003 மஸ்டாங் கோப்ரா வைத்திருந்தார். எழுபது வயதிருக்கும். என் பின் சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இது என் வண்டி சைஸ் ஆயிற்றே, உனக்கு யார் போட்டது என்று கேட்டார். அவர் வண்டிக்குக் கம்பெனியே கொடுத்த சைஸ் 275/40, 17 இஞ்ச், 9 இஞ்ச் ரிம்மில். அந்தத் தலைமுறை மஸ்டாங்குக்கு 25.7 இஞ்ச் உயரம்தான் சரி. 1994-லிருந்து மஸ்டாங் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில். என் வண்டிக்கும் அதேதான். அதனால் பழைய வண்டிக்கான ரிம் என் வண்டியில் ஏறிவிடும். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. ரிம்மின் உள்பக்கம் ஆஃப்செட் 24 என்று குத்தியிருந்தது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பதிகிற முகத்துக்கும் உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில். என் பின் ரிம்முக்கு 52.5. கணக்குப் போட்டால் ரிம்மின் விளிம்பு 22 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. ஃபெண்டர் ஓரத்தில் டயர் உரசிய கறுப்புக் கோடு ஏற்கெனவே விழுந்திருந்தது.

பெரியவர் அதோடு விடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் முதுகு பட மல்லாந்து படுத்தார். அமெரிக்காவில் விற்கிற டயரில் DOT என்று தொடங்கும் எண் வரிசை இருக்கும். கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். இந்த முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும், மறுபக்கத்தில் தேதி இல்லாத அரைகுறை எண் இருக்கலாம். என் இரண்டு டயரிலும் அரைகுறைப் பக்கம் வெளியே, தேதி உள்ள பக்கம் உள்ளே. வண்டிக்கு அடியில் படுத்தால் ஒழியத் தெரியாது. "2917" என்று அவர் படித்தார். 2017-ன் 29-வது வாரம். புதிது என்று சொல்லி எனக்கு விற்கும்போது டயருக்கு ஐந்தேமுக்கால் வயது. நகத்தால் அழுத்தச் சொன்னார். என் டயரில் நகம் வழுக்கியது. அவர் டயரில் பள்ளம் விழுந்தது, மெதுவாக எழும்பி வந்தது.

அதோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போக வேண்டுமே. ஐ-45-ல் ஏறிப் பத்து மைல் போவதற்குள் டெக்சஸ் மழை பிடித்துக்கொண்டது. டிராக் ரேடியலில் தண்ணீர் ஒதுங்குவதற்கான கோடுகள் பெயருக்குத்தான் இருக்கும். மழையில் ஓட்டலாமா என்று கடையில் கேட்டிருந்தேன், தாராளமாக என்றிருந்தார்கள். 45 மைல் வேகத்தில் பின்பக்கம் ஒரு முறை மிதந்து பக்கவாட்டில் நழுவியது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்த்துவிட்டது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பெட்ரோல் பங்க் கூரையின் கீழே ஒரு மணி நேரம் நின்றேன். பணம் போனது தனி. இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் எனக்கு அந்த ஆள் மேல் இன்னும் கோபம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த ஆள். சைஸ் சரிதானே சார், 275/40 கேட்டீர்கள், 275/40 கொடுத்தேன் என்றார். தேதியைக் காட்டினால், ஏசி கிடங்கில் வைத்திருந்தோம், வயது பார்க்கக் கூடாது என்றார். நேரத்தைக் காட்டினால், தடத்தில் பிடிப்பு இருந்திருக்காது என்றார். 1986-ல் திறந்ததிலிருந்தே கால் மைல் முழுக்கக் கான்கிரீட் போட்ட தடம் அது, அன்றைக்கு இரவு மற்ற வண்டியெல்லாம் ஒட்டிக்கொண்டு ஓடின. காற்றையும் அவர்கள் 35 பிஎஸ்ஐ வைத்தே அனுப்பியிருந்தார்கள். டிராக்கில் இதை 20-க்குப் பக்கத்தில் இறக்க வேண்டும், ரோட்டுக்கு வரும்போது ஏற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது நானே படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது என்றும் ஒத்துக்கொள்கிறேன்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். சைஸ் விஷயம் நிற்கவில்லை, நான் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டேன். நின்றது தேதிதான். கடையின் விளம்பரத்தில் 'புத்தம் புதியது' என்று இருந்தது, என்னிடம் 2917 போட்டோ இருந்தது. ஏழு வாரம் கழித்து டயர் விலை 560 டாலர் திரும்பி வந்தது. ரிம், கூலி, நைட்ரஜன் எல்லாம் போனது போனதுதான்.

இப்போது என்ன போட்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். 305/45R17, 10 இஞ்ச் ரிம்மில், என் வண்டிக்கான ஆஃப்செட்டில். 305-ல் 45 சதவீதம் 137 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து, ரிம்மையும் கூட்டினால் 27.8 இஞ்ச். பழைய டயரோடு ஒட்டிய உயரம், பக்கச்சுவர் மட்டும் ஒவ்வொரு பக்கமும் 27 மில்லிமீட்டர் கூடுதல். ரிம் சின்னதானால் ரப்பர் அதிகம் என்று அவர் சொன்னது இப்படிச் செய்தால்தான் உண்மை. சில பேர் 15 இஞ்ச் ரிம்மில் 275/60 போடுவார்கள், அதுவும் 28 இஞ்ச்தான் வரும், பக்கச்சுவர் இன்னும் கொழுத்தது. ஆனால் இந்த வண்டியின் பின் பிரேக் டிஸ்க் அதற்குள் அடங்காது, பிரேக்கை மாற்ற வேண்டும். எனக்கு அந்த அளவுக்குப் பித்து இல்லை. குட்டை டயரே தப்பு என்றும் சொல்லவில்லை. ஆக்சில் கியர் 3.15, 3.31 என்று சின்ன எண்ணாக இருக்கிற வண்டிக்காரர் சிலர் தெரிந்தே குட்டை போடுகிறார்கள். தெரிந்தே.

காசைக் கொடுப்பதற்கு முன்னால் பில்லில் 305/45R17 என்கிற மாதிரி சைஸை முழுசாக எழுதச் சொல்லுங்கள், தேதி எண்ணையும் சேர்த்து. மாட்டுவதற்கு முன்னால், டயர் தரையில் கிடக்கும்போதே இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள். தேதிப் பக்கம் வெளியே வருகிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

புது டயரில் 60 அடி 1.83, மொத்தம் 12.5. அந்த 17 இஞ்ச் ரிம் இரண்டையும் கோப்ரா பெரியவர் 300 டாலருக்கு வாங்கிக்கொண்டார். அவர் வண்டிக்கு அது அச்சாகப் பொருந்தும். டயரைச் சும்மா தருகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். ஒரு தடவை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று ரிம்மை மட்டும் டிக்கியில் ஏற்றினார்.