ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்: எதை எங்கே?

பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில், தொடர்புடைய டேட்டாவை முன்கூட்டியே எடுத்துவர உதவும் இரண்டு வழிகள் இவை. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் ஆர்டர் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 200 ஆர்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாடிக்கையாளர், நாலைந்து உணவு வகைகள். லூப்பில் வாடிக்கையாளர் பெயரைத் தொட்டாலே 201 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடும்: ஆர்டர் பட்டியலுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்றாக 200.

வாடிக்கையாளர் ஃபாரின் கீ, அதாவது ஒரு ஆர்டர் ஒரே வாடிக்கையாளரைச் சுட்டும் தொடர்பு, என்பதால் செலக்ட் ரிலேட்டட் போதும். டேட்டாபேஸே இரண்டு டேபிளையும் இணைத்து (ஜாயின்) ஒரே குவெரியில் தந்துவிடும். உணவு வகைகள் மெனி-டு-மெனி: ஒரு ஆர்டரில் பல உணவுகள், ஒரு உணவு பல ஆர்டர்களில். அங்கே இது செல்லாது.

ப்ரீஃபெட்ச் ரிலேட்டட், எல்லா ஆர்டர்களின் ஐடிகளையும் 'இன்' (IN) நிபந்தனையில் போட்டு உணவுகளுக்கெனத் தனியாக ஒரு குவெரி அனுப்பி, பைத்தானில் கோர்க்கும். மொத்தம் 2 குவெரிதான். பலர் சறுக்குவது இதற்குப் பிறகு. லூப்புக்குள் சைவ உணவை மட்டும் எடுக்க ஃபில்டர் போட்டால், ஏற்கெனவே கொண்டுவந்ததை ஜாங்கோ பார்க்காது. ஆர்டருக்கு ஒரு குவெரி மறுபடி கிளம்பும். வரிசைப்படுத்த 'ஆர்டர் பை' (order_by) போட்டாலும் அதே கதி. அந்த நிபந்தனையை ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்ட்டின் குவெரிசெட்டில் வைத்து, 'டு ஆட்ரிபியூட்'டில் (to_attr) 'சைவ_உணவுகள்' என்று பெயர் கொடுங்கள். கிடைப்பது சாதாரண லிஸ்ட். பின்னால் 'ஆல்' கூட வேண்டாம்.

ஃபாரின் கீ என்றாலே ஜாயின்தான் என்றும் இல்லை. அந்த 200 ஆர்டரும் 15 வாடிக்கையாளருடையது, ஒவ்வொருவருக்கும் நீளமான குறிப்பு உண்டு என்றால், ஜாயின் அதே குறிப்பை 200 வரிசையிலும் திரும்பத் திரும்பச் சுமந்து வரும். ப்ரீஃபெட்ச் 15 தடவையோடு நிறுத்திவிடும்.

எதைப் போட்டாலும் டெஸ்ட்டில் 'அசெர்ட் நம் குவெரீஸ்' (assertNumQueries) வைத்து குவெரி எண்ணிக்கையைப் பூட்டிவிடுங்கள். டெம்ப்ளேட்டில் யாராவது ஒரு புள்ளி கூடுதலாக வைத்து இன்னொரு தொடர்பைத் தொட்டு, குவெரி கூடினால் டெஸ்ட் உடனே காட்டிக்கொடுக்கும்.