‘பன்னி சுட செமி ஆட்டோ, லைசென்ஸோடு’ – முன்பணம் கட்டிவிடாதீர்கள்

மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட கொல்லையைப் பன்றி உழுதுவிட்டுப் போன ஆத்திரத்தில் இருப்பவரைத்தான் இந்தக் கும்பல் தேடிப் பிடிக்கிறது. வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படித்தான் மாட்டினார். ஃபேஸ்புக்கில் விளம்பரம்: வெளிநாட்டு செமி ஆட்டோமேட்டிக், பன்னெண்டு போர், முதன்முதலாக வேட்டைத் துப்பாக்கி வாங்குபவருக்குத் தோதானது, அகில இந்திய லைசென்ஸும் நாங்களே எடுத்துத் தருவோம். முதலில் புக்கிங் பணம் ஜிபேயில் போனது. பிறகு லைசென்ஸ் கட்டணம், அதற்குமேல் ‘டிரான்ஸ்போர்ட் பாஸ்’. வாட்ஸ்அப்பில் வந்தது வேறு மாநில முத்திரை குத்திய போலி லைசென்ஸின் படம் மட்டும். துப்பாக்கி வரவில்லை. வந்திருந்தால் பணத்தோடு போயிருக்காது, ஆயுதச் சட்ட வழக்கும் சேர்ந்திருக்கும்.

விளம்பரத்திலுள்ள ‘செமி ஆட்டோமேட்டிக்’ என்ற சொல்லிலேயே பொய் தொடங்குகிறது. சாதாரண ஆள் வாங்கும் உரிமம் ஆயுத விதிகள் 2016-இன் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. சிங்கிள் பேரல் (ஒற்றைக் குழல்), டபுள் பேரல் (இரட்டைக் குழல்) எல்லாம் அதில் அடங்கும். செமி ஆட்டோ ஷாட்கன் முதல் வகையில், கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதங்களோடு நிற்கிறது. அதற்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில். பயிரைக் காட்டிக் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்துப் பெறுகிற சங்கதி இல்லை. பம்ப் ஆக்‌ஷனைக் காட்டி ‘இதுதான் செமி ஆட்டோ’ என்று ஏய்ப்பதும் உண்டு. பம்பில் முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். செமி ஆட்டோவில் வெடிவாயுவோ பின்னுதைப்போ அந்த வேலையைச் செய்யும். கை ஓட்ட வேண்டியதில்லை.

லைசென்ஸ் இருந்தாலே பன்றியைச் சுடலாம் என்ற நினைப்பும் தப்பு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி வனத்துறை அனுமதியில்லாமல் வேட்டைக்கே இடமில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டில்கூட, காட்டெல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3-க்கு அப்பால் சுடுவது வனத்துறை ஆட்கள், நீங்கள் அல்ல. ரேஞ்சர் ஆபீஸில் மனுவாக எழுதிக் கொடுங்கள்.

உரிமத்தை யாரும் ‘எடுத்துத் தர’ முடியாது. உங்கள் பெயரில் மனு, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, கலெக்டரின் உத்தரவு என்றுதான் போகும். 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் இராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். யாராவது லைசென்ஸ் நகலை நீட்டினால், அதிலுள்ள தனி அடையாள எண்ணைக் கலெக்டர் ஆபீஸில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் கொடுத்துச் சரிபாருங்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் தனியாள் தன் துப்பாக்கியை விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். ‘இன்னைக்கே பணம், இன்னைக்கே பொருள்’ என்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சட்டப்படி பழைய டபுள் பேரல் வாங்குபவர்களும் ஏமாறுகிறார்கள், வேறு விதமாக. பெரிய ஆபத்து சேம்பர் நீளத்தில், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தில். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர்த் தோட்டா அதில் தடையின்றி நுழைந்துவிடும், ஏனென்றால் வாய் மடிந்திருக்கும்போது அது குட்டை. வெடித்து மடிப்பு விரியும்போதுதான் முழு நீளம் பெற்று, சேம்பர் முடிந்து பேரல் ஒடுங்கும் இடத்தில் முட்டும்; அழுத்தம் எகிறும். ‘தோட்டா ஏறுதே, அப்புறம் என்ன’ என்று விற்பவர் சொல்வது இதனால்தான் செல்லாது. பேரலில் பொறித்த புரூஃப் முத்திரையையும் (அழுத்தம் தாங்குமா என்று சோதித்ததற்கான குறி) நீளத்தையும் படியுங்கள். எண் தேய்ந்திருந்தால் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். டமாஸ்கஸ் பேரல், அதாவது மேலே அலையலையான வரிகள் ஓடுவது, சுவரில் மாட்ட அழகு. இன்றைய தோட்டாவுக்கு வேண்டாம்.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, துப்பாக்கியைப் பிரித்து, பேரலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். நேரான பளபளப்பின் நடுவே வளையமாக நிழல் தெரிந்தால் அங்கே பேரல் வீங்கியிருக்கிறது. எதையோ அடைத்துக்கொண்டு சுட்டிருப்பார்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எண்ணெய் போடாமல் கிடந்தவற்றில் உள்ளே துருக்குழிகள் இருக்கும். மேலே மட்டும் பாலிஷ் போட்டுத் தருவார்கள். பேரலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டுப் பூட்டிய பேரலை அசைத்தால் லொடலொடவென்று ஆடக் கூடாது. விசையை, மருந்தில்லாத டம்மித் தோட்டா போட்டே சோதியுங்கள். சேஃப்டியைப் பூட்டி விசையை அழுத்தி, கைவிட்டபின் சேஃப்டியைத் திறக்கும்போது உள்ளிருக்கும் சுத்தியல் விழுந்தால் அந்தத் துப்பாக்கி வீட்டுக்குள் வரக் கூடாது. பேரல் எண், பூட்டு எண் (விசை இருக்கும் உடற்பகுதியில் உள்ளது), லைசென்ஸில் எழுதிய எண் மூன்றையும் ஒத்துப் பாருங்கள்; பேரலை மாற்றிப் பொருத்தியிருப்பார்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு. விளம்பரம், உரையாடல், யுபிஐ பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள். ‘துப்பாக்கி வாங்கப் போனதா வெளிய தெரிஞ்சா நீங்களும் உள்ள போவீங்க’ என்று மிரட்டுவது அவர்களின் கடைசி ஆயுதம். அந்தக் குரலையும் பதிவு செய்து புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.