என்எஃப்எஸ் ஹை அவைலபிலிட்டி: மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்த பிறகே நம்புங்கள்

ஸ்லர்மில் (வேலைகளைக் கணினிகளுக்குப் பங்கிட்டு ஓட்டும் மென்பொருள்) ஓடும் கணினித் தொகுப்புக்கான பகிர்வுச் சேமிப்பகம் பற்றிய அனுபவம் இது. இரண்டு சர்வர்கள், இடையே ‘சி’ புரோட்டோகாலில் (இரு வட்டிலும் எழுதிய பிறகே முடிந்ததாகச் சொல்வது) டிஆர்பிடி (ஒரு சர்வரின் வட்டை மற்றதில் அப்படியே நகலெடுப்பது), அதன்மேல் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை, அதை நெட்வொர்க்கில் பகிரும் என்எஃப்எஸ் 4.2. ஒன்று விழுந்தால் மற்றொன்றிடம் பொறுப்பை ஒப்படைப்பது பேஸ்மேக்கரும் கோரோசிங்கும். நீண்ட நாள் ஓட்டத்தில் நம்பகமான அமைப்பு. ஆனால் சர்வர் மாறும் நேரத்தை மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும். கம்ப்யூட் நோடில் ஓடும் வேலைக்கு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம்.

ஸ்டாண்ட்பை கட்டளை (சர்வரை ஒதுங்கச் சொல்வது) கொடுத்துச் சோதிப்பதில் பெரிய பயனில்லை. அப்போது எல்லாம் ஒழுங்காக மூடப்படும். உண்மைப் பழுது அப்படி வராது. மின்சாரத்தைத் துண்டியுங்கள், கெர்னலை வேண்டுமென்றே விழச் செய்யுங்கள். நெட்வொர்க் சோதனைக்கு இன்டர்ஃபேஸை டவுன் செய்யாதீர்கள். ஃபயர்வாலில் கோரோசிங்கின் யூடிபி 5405-ஐயும் டிஆர்பிடி போர்ட்டையும் இரு திசையிலும் அடையுங்கள். ஸ்டோனித் (பழுதான சர்வரை வலுக்கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடு) இல்லையென்றால் இரண்டு சர்வர்களும் ‘நானே பிரைமரி’ (எழுதும் பொறுப்பில் இருப்பது) என்று எழுதத் தொடங்கிவிடும். ஸ்டோனித் வைத்தாலும் ஒரு பக்கத்துக்குச் சில விநாடி தாமதம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒன்றையொன்று ஒரே நேரத்தில் அணைத்துவிடும்.

பேஸ்மேக்கர் பத்துப் பதினைந்து விநாடியில் மாற்றிவிட்டதாகக் காட்டும். கிளையன்ட் (என்எஃப்எஸ்ஸைப் பயன்படுத்தும் நோடு) அதற்குப் பிறகும் நிற்கும். லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரின் கிரேஸ் காலம் வழக்கமாக 90 விநாடி. பழைய பூட்டுகளை மீட்கும் அந்த நேரத்தில் புதிதாகக் கோப்பைத் திறக்க முடியாது. எல்லாக் கிளையன்ட்டுகளும் என்எஃப்எஸ் 4.1 அல்லது அதற்கு மேல் இருந்து, மீட்டு முடித்ததாகச் சொல்லிவிட்டால் கிரேஸ் முன்னதாகவே முடியும். அதற்குக் கிளையன்ட் பதிவுகள் உள்ள வார்-லிப்-என்எஃப்எஸ் அடைவும் டிஆர்பிடி வட்டில் இருக்க வேண்டும். எக்ஸ்போர்ட்டில் (சர்வரின் பகிர்வு அமைப்பில்) எஃப்எஸ்ஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) இரு சர்வரிலும் ஒன்றாக இருக்கட்டும். மாறினால் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ (கோப்பின் அடையாளம் செல்லாது) பிழை வரும். விர்ச்சுவல் ஐபி (பொறுப்பில் உள்ள சர்வருக்கு மாறும் முகவரி) கடைசியில் எழ வேண்டும், முதலில் இறங்க வேண்டும். இந்த வரிசை பிசகினாலும் அதே பிழைதான்.

எழுதியது தப்பியதா என்று பார்க்க எஃப்ஐஓவை (எழுதிப் படித்துச் சோதிக்கும் கருவி) சிஆர்சி32சி சரிபார்ப்புடன் ஓட்டுங்கள். திரும்பப் படிப்பது வேறொரு நோடிலிருந்து. எழுதிய நோடில் கேஷ் (நினைவகத்தில் உள்ள நகல்) ஏமாற்றும். எக்ஸ்போர்ட்டில் ‘அசிங்க்’ இருந்தால் வேகம் கூடும், ஆனால் வட்டுக்குப் போகாத தரவையும் சர்வர் முடிந்ததாகச் சொல்லிவிடும். மின்சாரம் போனால் அது போனதுதான். மவுண்ட்டில் (கிளையன்ட் பக்க இணைப்பில்) ‘சாஃப்ட்’டும் வேண்டாம்: நேரம் கடந்ததும் நிரலுக்குப் பிழை போகும், பல நிரல்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

‘ஹார்டு’ மவுண்ட்டிலும் (பதில் வரும்வரை விடாமல் முயல்வது) ஒரு கண்ணி உண்டு. அடைவை உருவாக்கிய சர்வர் பதில் அனுப்பும் முன் விழுந்தால், கிளையன்ட் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். பழைய பதில்கள் இறந்த சர்வரின் நினைவகத்தோடு போய்விட்டதால், ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பிழை வரும். அடைவு உருவாக்கத்தைப் பூட்டாகப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட்டுகள், தாங்களே போட்ட பூட்டைப் பார்த்து வெளியே நிற்கும். அழித்தல், பெயர் மாற்றத்திலும் இதே சிக்கல். அங்கே ‘கோப்பு இல்லை’ என்று வரும்.

ஸ்லர்மின் அன்கில்லபிள்-ஸ்டெப்-டைம்அவுட் (அணைய மறுக்கும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரம்) வழக்கமாக 60 விநாடி. சர்வர் மாறும்போது ரத்தாகும் வேலை என்எஃப்எஸ்ஸில் சிக்கினால், ‘கில் டாஸ்க் ஃபெயில்டு’ என்று நோடே டிரெயின் ஆகும் (புதிய வேலை ஏற்காது). 180 வைத்தால் தாங்கும்.

ஒரு சோதனை முடிந்து திரும்பிய சர்வர் ‘அப்-டு-டேட்’ (வட்டு முழுதும் ஒத்திசைந்த நிலை) ஆகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். ஒத்திசைவு பாதியில் இருக்கும்போது பிரைமரியை அணைத்தால், மிஞ்சியிருப்பதன் வட்டு ‘இன்கன்சிஸ்டென்ட்’ (அரைகுறை); அதைப் பிரைமரியாக ஏற்ற டிஆர்பிடி மறுக்கும், மறுப்பதும் சரிதான்.